மூக்குக்கு விரதம் இல்லை

ஜூலை 21, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. இன்சீனில் ரங்கூன் சுற்று ரயில் நாற்பது நிமிடம் தாமதம். ஏறி உட்கார்ந்தால் ஜன்னல் மூடவில்லை. தமெய்ன் முழங்கால்வரை நனைந்து, ரெஸ்டாரண்டில் போய் வேறு கட்டிக்கொண்டுதான் வேலை.

புது நோட்டு. தமிழில் எழுதுவதில் ஒரு வசதி: வேலையிடத்தில் யார் எடுத்துப் பார்த்தாலும் ஜாங்கிரி பிழிந்ததுபோல இருக்கிறது என்று மூடி வைத்துவிடுவார்கள். வீட்டில் மகள் மீனாவுக்குத் தமிழ் பேசினால் புரியும், எழுத்துக் கூட்ட வராது. வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியும், ஆனால் அடுத்தவர் நோட்டைத் திறக்கிற ஆள் இல்லை.

இன்றைய வேலை: மேஜைத் துணி சலவைக்கு. ஒயின் அறையில் ஈரம் 86, மிக அதிகம். பெட்டிகளைச் சுவரைவிட்டு நகர்த்த வேண்டும். கரண்ட் மூன்று முறை போயிற்று, ஜெனரேட்டர் இரண்டு முறைதான் வந்தது.

இத்தாலிக்காரச் சமையல்காரர் ஊருக்குப் போய் ஒரு வருடம். அவரோடு அந்த அறையின் விவரமும் போயிற்று. முந்நூற்றுச் சொச்சம் பாட்டில், எதை எப்போது திறக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. முதலாளியம்மா டோ மியா முடிவு செய்துவிட்டார்: ஒரே ஒரு ஆளிடம் சாவி, அந்த ஆள்தான் இனி ஒயினுக்குப் பொறுப்பு. நானா, கோ ஸோவா. கோ ஸோ என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைப்போலவே டேபிள் மேற்பார்வை. பாங்காக்கிலிருந்து ஒயின் அனுப்பும் பாவ்லா அம்மா நேரில் வந்து பரிட்சை வைத்து ஆளைச் சொல்வாராம். தேறாத ஆள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் திறக்கப்போகும் பீட்சா கடைக்கு. அங்கே ஒயின் கிடையாது. சோடா, கோலா.

எனக்கு அந்தச் சாவி வேண்டும். எழுதி வைக்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. நாற்பத்தொரு வயதில் இவ்வளவு வேண்டும் என்று எதையும் நினைத்ததில்லை.

பயிற்சிக்கு மூன்று பாட்டில். வாயில் வைத்து, சுழற்றி, துப்பிப் பார்த்தது:

கியாந்தி. திராட்சையின் பெயர் சாஞ்சியோவேசே, நாக்குப் பழக இரண்டு நாள். நிறம் செங்கல். ஒயின் புத்தகத்தில் ‘செர்ரி’ என்று போட்டிருக்கிறது. நான் செர்ரியைக் கேக்கின் மேல்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு: உப்புப் போட்டுக் காயவைத்த இலந்தை. கசக்கிய தக்காளி இலை. ஆறிப்போன வெறும் டீ. குணம்: ஒல்லி ஆள், மனதில் பட்டதைப் பேசிவிடுவான். சாப்பாடு இல்லாமல் தனியாக உட்கார்த்தி வைத்தால் சண்டைக்கு வருவான்.

பார்பேரா. கரிய சிவப்பு. புளிப்பு வாயில் ஊறிக்கொண்டே இருக்கிறது. நாவற்பழம் தின்று பல்லைக் காட்டும் பெண். நல்லவள். ஆழம் தேட வேண்டாம்.

நெபியோலோ. ஒயின்களின் ராஜா என்று புத்தகம் சொல்லும் பரோலோவுக்கும் இதுதான் திராட்சை. இது இளசு, பரோலோ வயசாளி. பார்த்தால் தண்ணீர் கலந்ததுபோல வெளிறி இருக்கிறது. ஏமாந்தேன். வாயில் வைத்ததும் பச்சை வாழைக்காயைக் கடித்த துவர்ப்பு, ஈறு இறுகிப் போயிற்று. மெதுவாகப் பேசி வீட்டையே ஆட்டிவைக்கும் மாமியார். புத்தகம் சொல்வது: ‘ரோஜா, தார்’. ரோஜா கொஞ்சம் தெரிந்தது. தார் தெரியவில்லை. தாரை யார் குடிப்பார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

தலையில் இடி. பாவ்லா அம்மாவின் விமானத் தேதி மாறிவிட்டது. 24இல் வர வேண்டியவர் 31 வியாழன்தான் வருகிறாராம்.

கோயிலில் காப்புக் கட்டு 25. பால்குடம் ஆகஸ்ட் 3. நடுவில் 31.

மே மாதம் மீனாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை எழுந்து நடந்தால் ஆடியில் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்கிறேன் என்று ஆத்தாவிடம் சொன்னது நான். எழுந்து நடந்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் குதித்துக்கொண்டிருக்கிறாள். சொன்ன சொல் நிற்கிறது.

காப்புக் கட்டினால் கவிச்சி கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது, மது என்ற பேச்சே கிடையாது. ஒயின் பரிட்சைக்கு மதுவிரதத்தோடு போகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “நேந்துக்கிட்டது நீதானே, சாந்தி” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, பரிதாபமும் படவில்லை. ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். திருகாணி எவ்வளவு முறுக வேண்டுமோ அவ்வளவுதான் முறுக்குவார்.

அவருடைய அப்பா குடியால் போனவர். கல்யாணமான வாரம் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வீட்டு நிலைப்படிக்குள் பாட்டில் வரக்கூடாது. பதினேழு வருடம் வரவில்லை. என் வேலையைப் பற்றி இவர் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

மழை விட்டு விட்டு. வேலை முடிந்து நேரே கோயில். பூசாரி அண்ணன் எலுமிச்சம்பழம் எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“துப்பிட்டா பரவாயில்லையாண்ணே?”

“வாயிலே பட்டது பட்டதுதான். துப்பினா போயிடுமா?”

“மோந்து பாத்தா?”

எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு சொன்னார்: “பஜார்லே நடக்குறே. மீன் ஊறின ஙப்பி வாசம் வருது. அதுக்காக விரதம் முறிஞ்சி போச்சுன்னா ரங்கூன்லே ஒரு பய காப்புக் கட்ட முடியாது. மூக்குக்கு விரதம் இல்ல, தங்கச்சி.”

கிளம்பும்போது பின்னாலிருந்து: “ஆனா ஆசைப்பட்டு மோந்தியோ, அது உனக்கும் ஆத்தாவுக்கும் உள்ள பேச்சு. என்னைக் கேக்காதே.”

ஜூலை 25, வெள்ளி

காப்புக் கட்டியாயிற்று. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மீனா படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். எனக்குத் தனிப் பாத்திரம், தனிப் பாய்.

டோ மியாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கயிற்றைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். “அம்மனுக்கு நேர்ந்ததை மாத்தச் சொல்ல மாட்டேன், மா சாந்தி. அது என் தலையிலேயும் விழும்” என்றார். “ஆனா தேதியையும் மாத்த முடியாது. மோந்து பாத்தே சொல்லு. தெரிஞ்ச வரைக்கும்.”

கோ ஸோ: “மூக்காலே குடிக்கிற அக்காவை இப்பத்தான் பாக்குறேன்.” சிரித்தார். நானும் சிரித்தேன். ரயிலில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

துவர்ப்பு மூக்குக்குத் தெரியாது. புளிப்பும் சரியாகத் தெரியாது. பாதிப் பரிட்சை போனதாகத்தான் அர்த்தம்.

ஜூலை 27, ஞாயிறு

ஒரு விஷயம் நடந்துகொண்டிருக்கிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

மூன்று நாளாக ஙப்பி இல்லை, பூண்டு இல்லை, கருவாடு இல்லை. தயிர்சோறும் வாழைப்பழமும். இன்று காலை ரயிலில் உட்கார்ந்ததும் வாசங்கள் தனித்தனியாக வர ஆரம்பித்தன. எதிரே இருந்த பெண்ணின் கன்னத்துத் தனாக்காப் பூச்சு, ஈரக்கட்டை வாசத்தோடு. அவள் கொண்டையில் நேற்று வைத்த மல்லிகை. இன்றைய மல்லிகை இல்லை, நேற்றையது. அடுத்த பெட்டியில் யாரோ செரூட் சுருட்டுப் பற்றவைத்தார்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடச் சொல்லியிருப்பேன். கூடைக்காரியின் கொத்தமல்லி, அதன் வேரில் மண். நனைந்த குடைகள்.

பத்து வருடமாக இதே ரயிலில் போகிறேன். மூக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன் போல.

ஒயின் அறைக்குப் போய்த் திங்களன்று பார்த்த அதே கியாந்தியில் புதுப் பாட்டில் கேட்டு வாங்கித் திறந்தேன். மோந்து மட்டும். இலந்தை இருந்தது. அதற்குப் பின்னால் இலந்தைக் கொட்டை. அதற்குப் பின்னால் காய்ந்த துளசி, புதுச் செருப்புத் தோல், இரும்புப் படியில் மழை விழுந்த வாசம். போன வாரம் ஒரு ஆளாக வந்தவன் இன்று குடும்பத்தோடு வந்து நிற்கிறான்.

கொஞ்ச நேரம் பயமாகவே இருந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆசைப்பட்டுத்தான் மோந்தேன், ஆத்தா. மறைக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

இன்று எனக்கு முறை லீவு. துணி, துணி, துணி. ஒன்றும் காயவில்லை. வீடு முழுக்கப் பூஞ்சை வாசம். அலமாரிக்குப் பின்னால் அட்டைப்பெட்டி நனைந்து கூழாகிவிட்டது, மீனாவின் பழைய பாடப்புத்தகங்கள் போயின.

மாலையில் அவர் பட்டறையிலிருந்து வந்தார். கால் கழுவும் முன்னே பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை. வாயைக் கட்டியிருந்தார். என் முன்னால் வைத்தார்.

“இதானே நீ கேட்ட தார்?”

தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய ஸ்லீப்பர் கட்டையின் சில்லு. கறுத்து, தார் ஊறி, கையகலம்.

நான் அவரைக் கேட்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை மீனாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்: ‘புத்தகத்தில் தார் என்று போட்டிருக்கிறான், ஒயினில் எப்படியடி தார் இருக்கும்’ என்று. சுவருக்கு அந்தப் பக்கம் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

“பழசுலேதான் வாசம் நல்லா இருக்கும். புதுசு மூக்கைக் குத்தும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

உறையை அவிழ்த்து மோந்தேன். வெயில், புகை, கொஞ்சம் மருந்து, அடியில் ஒரு இனிப்பு. தாரில் இனிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும், இருபது வருடம் அதில்தானே நிற்கிறார்.

சில்லு என் தலையணைப் பக்கம். அழவில்லை என்று எழுதினால் பொய்.

ஜூலை 29, செவ்வாய்

கோ ஸோவுடன் சண்டை. கிளாஸ்களைக் கழுவித் துடைத்து அட்டைப்பெட்டியில் கவிழ்த்து வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் அட்டை என்ன ஆகும்? ஒவ்வொரு கிளாஸிலும் அந்த ஈர வாசம் உட்கார்ந்திருக்கிறது.

“எனக்கு ஒண்ணும் வரலையே அக்கா.”

“எனக்கு வருது.”

“உங்களுக்குப் பக்கத்துத் தெரு குழம்பே வருது.”

நாற்பத்தெட்டு கிளாஸ், வெந்நீரில் நான் ஒருத்தியே. பிறகு மனசு கேட்காமல் அவரும் வந்து துடைத்துக் கொடுத்தார். டிசம்பரில் கல்யாணமாம். பெண் வீடு ஹ்லைங். “தன்லியின் போனா பாலம் தாண்டி பஸ்சிலேயே பாதி நாள் போயிடும்” என்றார், கிளாஸைப் பார்த்துக்கொண்டே. நல்ல பிள்ளை. இவர் கெட்ட ஆளாக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜூலை 30, புதன்

நாளை.

எடுத்துப்போக: வெள்ளைக் கைக்குட்டை (வாசம் இல்லாதது, வெந்நீரில் அலசியது). பேனா. வெறும் தண்ணீர். தலையில் பூ கூடாது. எண்ணெய் கூடாது. விபூதி மட்டும்.

மீனாவுக்குத் தலை பின்னும்போதும் நினைப்பு கிளாஸிலேயே இருந்தது. “அம்மா, ஜடை கோணலா போகுது” என்று பர்மியச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் கலந்து கத்தினாள்.

ஜூலை 31, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், விட்டுப்போனால் மறுபடி வராது.

காலை பதினொரு மணி. பரிட்சைக்காக மதியம் கடை திறக்கவில்லை. கொட்டும் மழை. சாப்பாட்டுக் கூடத்தில் நான்கு பேர்: டோ மியா, பாவ்லா அம்மா, கோ ஸோ, நான். பாவ்லா அம்மாவுக்கு ஐம்பது இருக்கும், கட்டை முடி, அழுத்தமான முகம். ஆங்கிலத்தில் பேசினார், டோ மியா பர்மியத்தில் சொன்னார். மூன்று கிளாஸ், பாட்டில்களுக்குத் துணி சுற்றியிருந்தது. என் கயிற்றைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறார்கள். கையைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார்.

முதல் கிளாஸ். மூக்கைக் கொண்டுபோகும் முன்பே அந்த ஒல்லி ஆள் கையாட்டிக் கூப்பிட்டான். இலந்தை, டீ. கியாந்தி என்று எழுதினேன். சரி. கோ ஸோவும் சரி.

இரண்டாவது. மை போல் கறுப்பு. கரிந்த பிளம், புகை, மிளகு. இத்தாலியில் தெற்குப் பக்கத்துச் சரக்கு என்று தெரிந்தது, எது என்று தெரியவில்லை. மோந்து மோந்து தலை சுற்றியதுதான் மிச்சம். ‘மோன்தெபுல்சியானோ’ என்று எழுதினேன். தப்பு. கோ ஸோ ஒரு வாய் வைத்தார், முகம் சுருங்கியது, உடனே ‘அல்யானிகோ’. அது ஈறைப் பிடித்து இறுக்குமாம். நாக்குள்ளவன் நாக்கால் பிழைத்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது. ஓரத்தில் ஆரஞ்சு பூத்த வெளிர் சிவப்பு. பார்த்ததுமே தெரிந்தது, வயசான நெபியோலோ, பரோலோவாகத்தான் இருக்கும். ரோஜா வரும், தார் வரும் என்று காத்துக்கொண்டு மூக்கை வைத்தேன்.

ஒன்றும் இல்லை. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

சுழற்றினேன். மறுபடி வைத்தேன். நனைந்த அட்டைப்பெட்டி. அலமாரிக்குப் பின்னால் கூழாகிப்போன மீனாவின் பாடப்புத்தகம்.

டோ மியா ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். “இதுதான் ராஜா” என்றார். கோ ஸோவும் குடித்தார். “ரோஜா இருக்கு. தாரும் இருக்கு” என்றார், புத்தகத்தில் உள்ளபடியே.

எனக்கு வியர்த்துவிட்டது. ரங்கூன் முழுக்க நனைந்த அட்டைதான் இந்த மாதம். மழையா? கூடத்துச் சுவரா? என் ரவிக்கையா? கோ ஸோவின் அட்டைப்பெட்டியில் இருந்து, நான் கழுவாமல் தப்பிய கிளாஸா? இவ்வளவு நாள் கூர்மையாக இருந்த மூக்கு இப்போது பித்துப் பிடித்து, இல்லாததை மோக்கிறதா?

“வேற கிளாஸ் வேணும்” என்றேன். நானே போய்க் கழுவினேன், வெந்நீர், பிறகு தண்ணீர், கைக்குட்டை. வெறும் கிளாஸை மோந்தேன். சுத்தம். வாசல்வரை போனேன், மணிக்கட்டு மஞ்சளை மோந்து மூக்கை ஆற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். புதுக் கிளாஸில் ஊற்றச் சொன்னேன்.

அட்டை.

பாவ்லா அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னார். டோ மியா தரையைப் பார்த்தபடி மொழிபெயர்த்தார்: “ஒரு சொட்டு நாக்கிலே வச்சா சந்தேகம் தீரும்ங்கிறாங்க.”

கிளாஸ் கையில் இருந்தது. கையும் மேலே வந்துவிட்டது. ஒரு சொட்டு. யாருக்குத் தெரியும். சாவி கண்முன்னால் மேஜையில் கிடந்தது, பித்தளை, சிவப்பு நூல் கட்டியது. கிளாஸ் விளிம்பு உதட்டருகே வந்தபோது மணிக்கட்டுக் கயிறு கண்ணில் பட்டது. அந்த வராந்தா, அந்த பெஞ்சு, உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த பிள்ளை.

கீழே வைத்தேன்.

“இந்தப் பாட்டில் கெட்டுப்போச்சு” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “கார்க்காலே. மூடி கெட்டிருந்தா நனைஞ்ச அட்டை வாசம் வரும்னு புத்தகத்திலே இருக்கு. மேஜைக்குக் கொண்டுபோகக் கூடாது.”

டோ மியாவின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. கோ ஸோ தன் காகிதத்தைப் பார்த்தார்.

“நிச்சயமா?” என்றார் டோ மியா.

“மூக்கு சொல்லுது. நாக்கைக் கேக்கலை.”

பாவ்லா அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். போய்விட்டார், தீர்ந்தது, தன்லியின், சோடா என்று நினைத்தேன். இன்னொரு பாட்டிலோடு வந்தார், அதே லேபிள், அதே வருடம், மீனாவுக்கு ஒரு வயது மூத்தது. திறந்துகொண்டே சொன்னார், டோ மியா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார், முகம் சிவந்து: “காலையிலே திறந்ததுமே தெரிஞ்சிடுச்சாம். கொட்டப் போனாங்களாம். அப்புறம், இருக்கட்டும், யார் சொல்றாங்கன்னு பாப்போம்னு வச்சிக்கிட்டாங்களாம்.”

டோ மியா துடைப்புத் தாளால் வாயைத் துடைத்தார். ராஜா என்று சொன்ன வாய்.

பிறகு எனக்கு ஒரு கிளாஸ். மற்றவர்கள் பேசிக்கொண்டே குடித்தார்கள். நான் ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குறிப்பு, அப்படியே:

11.50. தூங்குகிறது. எழுப்பாதே.

12.05. ரோஜா. பறித்த ரோஜா இல்லை. ஆத்தா கழுத்தில் வெள்ளிக்கிழமை போட்டு ஞாயிற்றுக்கிழமை கழற்றும் மாலை, ஓரம் கருகியது.

12.15. தார். அவர் கொண்டுவந்த சில்லு. அதே தார், அதே அடி இனிப்பு. சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

12.25. காய்ந்த ஆரஞ்சுத் தோல். செரூட் சுருட்டும் இலை.

12.40. மழை விட்ட மண். காளான். ரோஜா போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, உள் அறைக்குப் போயிருக்கிறது.

12.55. சாம்பிராணி. பழைய மரக்கதவு. இனி எனக்குச் சொல் இல்லை.

இது வெறும் திராட்சை. பூ சேர்க்கவில்லை, தார் சேர்க்கவில்லை, தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை. நான் பார்க்காத ஒரு மலையில் யாரோ பறித்து, நசுக்கி, இருட்டில் வைத்துவிட்டு வருடக்கணக்காகப் பொறுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இன்சீன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. என் வீட்டுக்காரரின் பட்டறை வாசம் அந்த பாட்டிலுக்குள் எப்படிப் போயிற்று?

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவ்லா அம்மா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். போகும்போது ஒரு சின்ன பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி, இறுக மூடி, என் பெயரை எழுதி பிரிட்ஜில் வைத்தார். நான்கு நாள் தாங்கும் என்றார். காப்பு அவிழ்ந்த மறுநாள், திங்கட்கிழமை, என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

சாவி யாருக்கு என்று சொல்லவில்லை. டோ மியாதான் சொல்ல வேண்டும். அவர் யாரோடும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒன்றும் சொல்லவில்லை. மேஜை ஏழில் பிறந்தநாள், பதினான்கு பேர். டோ மியா என் பக்கம் திரும்பவே இல்லை. வாயை அடக்கியிருக்கலாம். இரண்டு பேர் குடித்துப் பாராட்டியதை, குடிக்காத ஒருத்தி கெட்டுப்போச்சு என்று சொன்னால் எந்த முதலாளிக்குத்தான் பொறுக்கும்.

கரண்ட் ஐந்து மணி நேரம் இல்லை. பிரிட்ஜைத் திறக்காதே என்று எழுதி ஒட்டினேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் உள்ளே நுழைந்ததும் டோ மியா. “மா சாந்தி, ஒயின் ரூம்லே எந்தப் பெட்டியிலே அந்த வாசம் வருதுன்னு பாரு. சாயங்காலத்துக்குள்ளே எனக்கு லிஸ்ட் வேணும்.” சாவியை நீட்டினார். வாங்கினேன். திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவுதான். மேளம் கிடையாது.

பெட்டி 4, 9, 11 நனைந்தவை. ஸ்டாண்டுக்கு மாற்றினேன். கோ ஸோ வந்து தூக்கிக் கொடுத்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்: “விடுங்க அக்கா. தன்லியின்லே எல்லாமே திருகுற மூடி. கார்க் வாசம்னு யாரும் வந்து என்னை மாட்ட முடியாது.” சிரித்தார். அல்யானிகோவைச் சொன்னது அவர், நான் இல்லை. அது மறக்கக்கூடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

பால்குடம். விடியலில் தூறல், கோயில் வாசல் வருவதற்குள் பெருமழை. வேப்பிலை மூடிய குடத்துக்குள் எவ்வளவு மழை போயிற்றோ, ஆத்தா கணக்குப் பார்க்கவில்லை. மீனா கூடவே நடந்தாள், வெறுங்காலோடு. ஒரு இடத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

காப்பு அவிழ்த்தாயிற்று. மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு வளையம்.

இரவுச் சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன்: நாளை காலை கடை திறக்கும் முன் ஒரு அரைமணி நேரம் வாருங்கள். எதற்கு என்று கேட்கவில்லை. சட்டை எடுத்து மடித்து வைத்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மழை இல்லை. ஆச்சரியம். சுற்று ரயில் நேரத்துக்கு.

இப்போது மணி பத்தேகால். ஜன்னலோர மேஜை. எதிரே அவர், மடிப்புக் கலையாத சட்டை, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல். முதல் தடவையாக இங்கே வந்திருக்கிறார். ஒயின் அறையின் பூட்டைப் பார்த்து, எண்ணெய் போடணும் என்றார்.

சின்ன பாட்டிலைத் திறந்தேன். ஒரே கிளாஸ். குளிர் விடும்வரை கைக்குள் பொத்திப் பிடித்திருந்தேன். ரோஜா களைத்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. பிறகு குடித்தேன். துப்பவில்லை.

துவர்ப்பு முதலில் வந்து வாசலில் நின்றது. வழிவிட்ட பிறகு மற்ற எல்லாம் உள்ளே வந்தன, மூக்குக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக. விழுங்கிய பிறகும் போகவில்லை. சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. அன்று குரல் மட்டும் கேட்ட ஆளை நேரில் பார்த்தேன்.

கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன். “குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாருங்க.”

தயங்கினார். கிளாஸைத் தூக்கவில்லை, குனிந்தார். அவர் அப்பாவின் வாசம் வரும் என்று பயந்திருப்பார். ஒரு தடவை. நிமிர்ந்தார். பிறகு தண்டைப் பிடித்துத் தூக்கி இன்னொரு தடவை, மெதுவாக.

“பட்டறை” என்றார்.



“சரஸ்வதி பூஜைக்கு நாங்க நாலு தமிழாளுங்க மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு மூடிட்டு வருவோம்லே. மறுநா காலையிலே நான்தான் போயிக் கதவைத் தொறப்பேன்.” மறுபடி குனிந்து மோந்தார். “அந்த வாசம். இதை எப்புடி சாந்தி பாட்டில்லே புடிச்சாங்க?”

பதினொரு மணிக்குக் கடை திறக்க வேண்டும். இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளாஸை அவர் இன்னும் தரவில்லை.